அலைவரிசை முப்பத்தாறு

புது மடிக்கணினி வந்து பதினோரு நாள்.
மூடிமேல் ஒட்டிய மெல்லிய தாளைக்கூட
இன்னும் உரிக்கவில்லை,
அதற்குள் அதற்கு மறதி.
திரை மூலையில் விசிறிபோல் விரிந்த குறி
நிறைந்தே இருக்கும்.
பிறகு சட்டென்று வெறும் கூடு.

கிளாக்ஸ்விக்கில், துறைமுகத்துக்கு மேலே
கடைசித் தெருவில் எங்கள் வீடு.
தகரக் கூரை, பலகைச் சுவர்.
அலையை விழுங்கும் கல் எதுவும் இல்லை.
அடுத்த வீட்டு ரன்வா, மைக்ரோவேவ்தான் என்று சத்தியம் செய்தாள்.
மூன்று நாள் ஆறிய சூப் குடித்தேன்.
தோர்ஸ்ஹாவ்னிலிருந்து ஹெக்னி என்றொரு பையன்
தொலைபேசியில் சொன்னான்: அணைத்துப் போடுங்கள்.
அணைத்துப் போட்டேன்.
டிரைவரைப் புதுப்பித்தேன்.
மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று
வைஃபை அட்டை தூங்கப் போகிறதோ என
அதன் தூக்கத்தையும் கெடுத்தேன்.
ரவுட்டர் அலமாரியிலிருந்து சன்னலுக்கு,
சன்னலிலிருந்து மாடிப்படிக்கு,
ஒருநாள் முழுக்க
உலரும் கம்பளிச் சட்டைகளுக்கு நடுவே.

அடுக்களையில் பழைய கணினி.
பொத்தான் ஒன்று உதிர்ந்து போனது,
காற்றாடி மீன் ஆலைபோல் இரையும்.
அது மட்டும் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.
அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அறுந்தது ஒருமுறை,
மீன்பண்ணையின் மாதக் கணக்கு பாதி ஏறியபோது.
மற்ற மூன்று முறையும் பியர்தா பேசும்போது.
ஆர்ஹூஸில் அவள் அறை, பின்னால் யாருடையதோ ஒரு சைக்கிள்.
"கோடையிலும் நான் வரப்போவ..."
பாதி திறந்த வாயோடு உறைந்தாள்.
நானும் அப்போது ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.
என்னவென்று இங்கே எழுத மாட்டேன்.
இணைப்பு திரும்பியபோது அவள் இல்லை,
ஒரு வரி மட்டும்:
மறுபடி கட் பண்ணிட்ட.

ஓதப் பட்டியலின் பின்பக்கத்தில் நேரம் குறித்தேன்.
செவ்வாய் நாலு பத்து.
வெள்ளி நாலு இருபத்தைந்து.
செவ்வாய் மறுபடி நாலு பத்து, மழை.
மழை காரணமில்லை, இங்கே எப்போதும் மழைதான்.

அடுத்த வெள்ளி, பென்சிலைத் தேடி நிமிர்ந்தபோது
சாம்பல் நிற ரோந்துக் கப்பல்
முனையைச் சுற்றி நுழைந்துகொண்டிருந்தது,
உச்சியில் ஏதோ நிதானமாகச் சுழன்றபடி.
திரும்பினேன். விசிறி காலி.

ரவுட்டரின் பதிவேட்டில் தேதி தேதியாக ஒரே வாக்கியம்:
ரேடார் தென்பட்டது, விலகுகிறேன்.

கையேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில்
எறும்பு எழுத்தில் சட்டம் இருந்தது.
சில அலைவரிசைகள் ரேடாருக்குச் சொந்தம்,
வீட்டு ரவுட்டர் அங்கே ஒண்டுக்குடி.
சொந்தக்காரன் குரல் கேட்டால் உடனே வாயை மூட வேண்டும்.
அரை மணி நேரம் அந்தப் பக்கம்
தலைவைத்தும் படுக்கக் கூடாது.
அதே சாதியில் வேறோர் அலைவரிசைக்குப் போனாலும்
வாய் திறக்குமுன்
ஒரு முழு நிமிடம் சும்மா கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

பழையதற்கு அந்த மேல்தெருவே தெரியாது.
கீழே சந்தை நெரிசலில் ஊர்ந்து போகும் பிறவி.
அதனால் பிழைத்தது.
பதினோரு நாளாகப் பழுதென்று நான் வைதது
ஒரு பெட்டியின் மரியாதையை.

தானியங்கி என்றிருந்ததை மாற்றி
முப்பத்தாறு என்று போட்டேன்.
அங்கே ரேடாருக்கு வேலையில்லை.
செவ்வாய் கப்பல் வந்தது, குறி அசையவில்லை.
வெள்ளியும் வந்தது.
ஹெக்னிக்குச் சொல்லலாமென்று எண்ணைத் தேடி
பியர்தாவை அழைத்துவிட்டேன்.

எடுத்ததும் ஆரம்பித்தாள், கோடையிலும் என்று.
பதில் என் நுனிநாக்கில் வந்து நின்றது.
திரை மூலையில் கடிகாரம்
ஓர் எண் மாறும்வரை
அங்கேயே நின்றது.

"அம்மா? கட் ஆயிடுச்சா?"

"இல்லை," என்றேன்.
"இருக்கேன். சொல்லு."